பாறுகள் இருந்த வானம்

காவிரிப்பூம்பட்டினத்துக்குப் புறத்தே இருந்த சுடுகாட்டுக் கோட்டத்தை மணிமேகலை வருணிக்கும் இடத்தில், இறந்தவர்களை அந்நகரத்தார் எப்படியெல்லாம் வழியனுப்பினார்கள் என்று சாத்தனார் அடுக்கிச் சொல்லிப் போகிறார். எரித்தவர்கள் இருந்தார்கள், குழி தோண்டிப் புதைத்தவர்களும், அறை போன்ற பள்ளத்தில் அடைத்தவர்களும், தாழியில் இட்டுக் கவித்தவர்களும் இருந்தார்கள், இவர்களோடு, உடலைத் திறந்த வெளியில் இட்டுவிட்டு வீடு திரும்பியவர்களும் இருந்தார்கள். இந்த ஐந்தில் எதையும் உயர்வென்றோ தாழ்வென்றோ புலவர் சொல்லவில்லை. ஒரே கோட்டத்துக்குள் அத்தனை வழக்கங்களும் அக்கம்பக்கமாக நடந்தன. மும்பைப் பார்சிகளின் வழக்கம், திபெத்தியரின் வழக்கம் என்று நாம் இன்று வியப்போடும் சற்று அருவருப்போடும் படிப்பது, நம்முடைய துறைமுக நகரத்தின் எல்லையிலும் ஒரு காலத்தில் நடந்ததுதான். இட்டுவிட்டுத் திரும்புகிறவன் யாரையோ நம்பித்தான் திரும்பினான். அவன் நம்பிய அந்தப் பறவைக் கூட்டம் மேலே வட்டமிட்டுக்கொண்டிருந்தது.

பாறு என்றும் எருவை என்றும் நம் பழம்பாடல்கள் அழைத்த அந்தப் பறவைகள் இல்லாமல் புறத்திணையைக் கற்பனை செய்வதே கடினம். போர் முடிந்த களத்துக்கு முதலில் வருகிறவை அவை. பரணி பாடிய காலம்வரை அந்த இடம் அவற்றுக்கு உறுதியாக இருந்தது. இது தமிழுக்கு மட்டும் உரியதில்லை. நாலாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கும் முன்பு, சுமேரியாவின் லகாஷ் நகரத்து அரசன் எயன்னாத்தும் தன் வெற்றியைக் கல்லில் செதுக்கச் சொன்னபோது, வீழ்ந்த பகைவரின் தலைகளைத் தூக்கிக்கொண்டு பறக்கும் கழுகுகளையும் சேர்த்தே செதுக்கினார்கள். இன்று பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தக் கல்லை அரசன் பெயரால் யாரும் நினைப்பதில்லை. கழுகுகளின் கல் என்றே அது அறியப்படுகிறது. எகிப்திலோ இதே பறவை நெக்பெத் என்ற தாய்த்தெய்வமாகி, மன்னர்களின் தலைக்கு மேல் சிறகு விரித்து நின்றது. பிணத்தைத் தின்னும் பறவையைத் தாயாக வைத்து வணங்க அந்த மக்களுக்குக் கூச்சம் இருக்கவில்லை. சாவு நடந்த இடம் மறுபடி வாழத் தகுந்த இடமாவதை அவர்கள் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்.

அந்த வேலை நடக்கும் விதம் வியப்பூட்டுவது. வெயிலேறி நிலம் சூடாகி, காற்று மேலெழத் தொடங்கும்வரை பாறு பாறையிலோ மரத்திலோ அசையாமல் உட்கார்ந்திருக்கும். பிறகு அந்த வெப்பக்காற்றில் ஏறிக்கொண்டு, சிறகை அதிகம் அடிக்காமலே மணிக்கணக்காக மிதக்கும். ஒவ்வொன்றும் நிலத்தை மட்டும் பார்ப்பதில்லை. தொலைவில் மிதக்கும் மற்றொன்றையும் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒன்று இறங்கினால் அதைப் பார்த்து அடுத்தது, அதைப் பார்த்து அதற்கடுத்தது என்று பல கல் தொலைவிலிருந்தும் கூட்டம் சேர்ந்துவிடும். ஒரு மாட்டின் உடலை ஒரு பெருங்கூட்டம் ஒரு மணி நேரத்துக்குள் எலும்பாக்கிவிடும். பாறின் இரைப்பையில் சுரக்கும் அமிலம் மிகக் கடுமையானது. மற்ற விலங்குகளுக்கு நோய் தரும் கிருமிகளில் பெரும்பாலானவை அங்கே பிழைப்பதில்லை. அழுகலைத் தின்று வாழ இவ்வளவு நேர்த்தியாக அமைந்த உடல், மனிதன் செய்த ஒரு வலிநிவாரணிக்கு முன் சில நாட்கூடத் தாங்காமல் போனது. அதற்கு வருமுன், நாம் இந்தப் பறவையோடு எப்படி வாழ்ந்தோம் என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

சீதையைக் கவர்ந்து சென்றவனை மறித்து வீழ்ந்த சடாயுவுக்கு, தந்தைக்குச் செய்ய முடியாமல் போன இறுதிக்கடனை இராமன் செய்தான் என்பது கதை. அந்தக் கதையைத் தன் ஊர் மண்ணில் நட்டு வைக்காத வட்டாரம் தென்னாட்டில் குறைவு. காஞ்சிபுரத்துக்கு அருகே திருப்புட்குழியில், அந்த ஈமக்கடன் இங்கேதான் நடந்தது என்கிறார்கள். புள்ளிருக்குவேளூர் என்று தேவாரம் பாடிய வைத்தீசுவரன்கோயிலில் சடாயு குண்டம் இருக்கிறது. அதன் திருநீற்றை மருந்தாகக் கொண்டுபோகிறார்கள். பிணந்தின்னும் பறவைக்கு மகன் முறையில் நின்று ஒருவன் எரியூட்டுகிறான். அந்தச் சாம்பல் நோய் தீர்க்கிறது. இப்படி ஒரு சிந்தனை எந்த மக்களுக்குத் தோன்றியிருக்கும்? அந்தப் பறவையை அன்றாடம் அருகில் பார்த்து, அஞ்சி, மதித்துப் பழகியவர்களுக்குத்தான்.

இவற்றிலெல்லாம் நீண்ட கதை திருக்கழுக்குன்றத்தினுடையது. சம்பந்தரும் அப்பரும் சுந்தரரும் மாணிக்கவாசகரும் பாடிய தலம் அது. யுகத்துக்கு இரண்டு பேராக எண்மர் கழுகாகி இந்த மலையை வழிபடுகிறார்கள் என்பது தலபுராணம். சண்டனும் பிரசண்டனும் முதல் யுகத்தில். சம்பாதியும் சடாயுவும் அடுத்ததில். சம்புகுத்தனும் மாகுத்தனும் மூன்றாவதில். நம் கலியுகத்துக்குச் சம்புவும் ஆதியும். இந்தக் கடைசி இருவரும் காலையில் கங்கையில் நீராடி, உச்சிவேளையில் இங்கே அமுதுண்டு, இராமேசுவரமும் சிதம்பரமும் தரிசித்துத் திரும்புவதாக ஊர் நம்பியது. நம்பிக்கை எதுவானாலும், பன்னிரண்டு மணியளவில் மலைப் பாறையில் பூசகர் சர்க்கரைப் பொங்கலோடு உட்கார்ந்ததும், வெள்ளை உடலும் மஞ்சள் முகமுமாக இரண்டு பறவைகள் வானத்திலிருந்து இறங்கி வந்ததும் தலைமுறை தலைமுறையாக மக்கள் கண்ணால் கண்டவை. பறவையியலார் அவற்றை மஞ்சள்முகப் பாறு என்பார்கள். காசியிலிருந்து வராமல் அந்தக் குன்றுப் பகுதியிலேயே வாழ்ந்த ஒரு சோடியாக இருந்திருக்கலாம்; ஒன்று மறைந்தால் இன்னொன்று அந்த இடத்தை எடுத்துக்கொண்டிருக்கலாம். பொங்கலுண்ணப் பழகிய பிணந்தின்னி என்பதே என்னைப் பொறுத்தவரை கங்கைப் பயணத்தைவிடப் பெரிய அதிசயம்.

அதே ஊரில் ஒரு கல்வெட்டு உண்டு. கந்தசிஷ்யன் என்ற பல்லவ மன்னன் இந்தக் கோயிலுக்கு விட்ட நிலத்தை, வாதாபி கொண்ட நரசிம்மவர்மன் அப்படியே காத்தான். பல்லவர் போய்ச் சோழர் வந்த பிறகு, 9ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் ஆதித்த சோழன் அந்தக் கொடையை மீண்டும் உறுதிசெய்தான். ஒருவன் கொடுத்ததை, அவன் குலத்தை வென்றவன்கூட முறிக்கவில்லை. பெயர்கள் மாறின, கொடி மாறியது, நிலம் மட்டும் இறைவனுக்கே இருந்தது. மலையிலுள்ள ஒருகல் மண்டபத்தில் பின்னாளில் வந்த ஒல்லாந்தர்கள் தங்கள் பெயர்களைக் கீறிவிட்டுப் போனார்கள். அவர்கள் காலமும் முடிந்தது. ஆங்கிலேயர் வந்து போனார்கள். இத்தனை மாற்றத்திலும் கழுக்குன்றம் என்ற பெயருக்குச் சாட்சியாக இருந்த பறவைகள், 1990களின் இறுதியோடு வருவதை நிறுத்திவிட்டன. கலி முற்றியது என்றார்கள் பெரியவர்கள். சரியாகத்தான் சொன்னார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

ஏறத்தாழ அதே காலத்தில், இராசத்தானின் பரத்பூரில் கேவலாதேவ் தேசியப் பூங்காவில் பறவைகளைக் கவனித்துவந்த விபு பிரகாஷ் ஒரு மாற்றத்தைப் பதிவு செய்தார். 1980களில் அவர் கணக்கெடுத்த இடங்களில், பத்தாண்டு கழித்துக் கூடுகள் வெறுமையாகக் கிடந்தன; பாறுகள் கழுத்தைத் தொங்கவிட்டபடி மரத்தில் உட்கார்ந்திருந்தன; பிறகு விழுந்தன. வெண்முதுகுப் பாறு அதுவரை உலகிலேயே எண்ணிக்கையில் மிகுந்த பெரும் இரைகொல்லிப் பறவையாகக் கருதப்பட்டது. இந்தியத் துணைக்கண்டத்தில் பாறுகள் கோடிக்கணக்கில் இருந்தன என்பது மதிப்பீடு. 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறு 99.9 விழுக்காடு குறைந்தது. ஆயிரத்தில் ஒன்று மிஞ்சியது. கருங்கழுத்துப் பாறும் அதன் நெருங்கிய இனமும் நூற்றுக்கு மூன்று என்ற அளவுக்குச் சுருங்கின. துப்பாக்கியோ கோடரியோ இல்லாமல், பதினைந்தே ஆண்டில், யாரும் வேண்டுமென்று செய்யாமல் நடந்த அழிவு அது. ஏதோ நச்சுயிரி என்றுதான் முதலில் சந்தேகப்பட்டார்கள். 2004இல் லிண்ட்சே ஓக்ஸ் தலைமையிலான குழு பாகிஸ்தானில் இறந்த பறவைகளை ஆராய்ந்து விடையைக் கண்டது: மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபினாக் என்ற வலிநிவாரணி. மருந்து போட்ட சில நாளுக்குள் மாடு இறந்தால், அதன் தசையில் எஞ்சிய மருந்து பாறின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்கிறது. யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளின் மேல் சுண்ணாம்புபோலப் படிகிறது. பறவை இரண்டொரு நாளில் இறக்கிறது. இந்தப் பேரழிவுக்கு எல்லா மாடும் நஞ்சாகியிருக்க வேண்டியதில்லை. நூறு உடல்களில் ஒன்றுக்கும் குறைவானதில் மருந்து இருந்தாலே போதுமானது என்று கணக்கிட்டார்கள். கூட்டமாக உண்ணும் பழக்கம், யுகங்களாக அவற்றை வாழவைத்த பழக்கம், ஒரே உடலில் ஒரு கூட்டத்தையே முடித்தது.

இந்த வரலாற்றில் என் மனம் திரும்பத் திரும்ப நிற்கும் இடம் வேறொன்று. அந்த ஊசியைப் போட்டவர்கள் கெட்டவர்களில்லை. காலமெல்லாம் ஏர் இழுத்த எருது கால் வீங்கி நிற்கிறது. பால் கொடுத்த பசு மடி நோவில் துடிக்கிறது. 1990களில் மலிவாகக் கிடைத்த ஓர் ஊசி அந்த வலியைத் தணித்தது. அடிமாட்டுக்கு அனுப்ப மனமில்லாமல் வீட்டிலேயே சாகட்டும் என்று வைத்துப் பார்த்துக்கொண்டவர்கள்தான் அதை அதிகம் வாங்கியிருப்பார்கள். மாட்டின்மேல் காட்டிய இரக்கம் வழியாகவே பாறுக்கு நஞ்சு போய்ச் சேர்ந்தது. உழவன், மாடு, பறவை என்று ஆயிரம் ஆண்டுகளாக யாரும் எழுதி வைக்காத ஓர் ஒப்பந்தம் நடந்துவந்தது: உழைக்கும்வரை என்னுடையது, செத்தபின் உன்னுடையது. அதில் உழவன் தன் பங்கை மீறவே இல்லை. கடைசிவரை மாட்டைத் திறந்த வெளியில் இட்டுவிட்டுத்தான் திரும்பினான்.

பாறு இல்லாத இடத்துக்கு வேறு சில வந்தன. தெருநாய்கள் பெருகின, செத்த மாடுகள் நீர்நிலையோரம் அழுகின. இந்த இழப்பால் 2000க்கும் 2005க்கும் இடையில் ஏறக்குறைய ஐந்து லட்சம் மனிதர்கள் கூடுதலாக இறந்திருக்கலாம் என்று, பாறுகள் நிறைந்திருந்த மாவட்டங்களையும் இல்லாதிருந்த மாவட்டங்களையும் ஒப்பிட்டு இரு பொருளியலாளர்கள் 2024இல் மதிப்பிட்டார்கள். மும்பை மலபார் குன்றில் பார்சிகளின் அமைதிக் கோபுரங்களுக்கு மேலே வானம் காலியானது. பாரசீகத்திலிருந்து சுமந்து வந்து, குசராத்தின் அரசர்களையும் ஆங்கிலேயரையும் கடந்து காப்பாற்றிய ஈமமுறை அது. வேறு வழியில்லாமல், வெயிலைக் குவித்து உடலை உலர்த்தும் கண்ணாடிகளைப் பொருத்தினார்கள். மின்தகனத்தை ஏற்றுக்கொண்டவர்களும் உண்டு. நாம் மணிமேகலையின் காலத்திலிருந்து எப்போதோ மெல்ல நழுவவிட்ட வழக்கத்தை, அவர்கள் ஒரு தலைமுறைக்குள் இழக்க நேர்ந்தது.

இது முதல்முறை இல்லை என்பதுதான் வரலாற்றைப் படிப்பவரைச் சோர்வடையச் செய்கிறது. வட அமெரிக்காவில் சூரியனை மறைத்துப் பறந்த பயணப்புறாக்களின் கடைசிப் பறவை 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி விலங்குக்காட்சிச் சாலையில் இறந்தது. இவ்வளவு இருப்பது எப்படி முடியும் என்று அதற்கு முந்திய தலைமுறை கேட்டிருந்தது. கலிபோர்னியாவின் காண்டார் கழுகு, வேட்டைக்காரர்கள் விட்டுச்சென்ற உடல்களிலிருந்த ஈயக் குண்டுத் துகளைத் தின்று தேய்ந்தது. 1987க்குள் எஞ்சிய 27 பறவைகளையும் கூண்டுக்குள் எடுத்து வந்து காத்தார்கள். இன்று ஐந்நூறுக்கு மேல் இருக்கின்றன. டைக்ளோஃபினாக்கை இந்தியாவும் நேபாளமும் பாகிஸ்தானும் 2006இல் கால்நடைக்குத் தடை செய்தன. எல்லோருக்கும் தெரிந்த அந்தப் பாடத்துக்குப் பிறகும், ஐரோப்பாவின் பெரும்பகுதிப் பாறுகளைத் தன்னிடம் வைத்திருக்கும் ஸ்பெயின் 2013இல் அதே மருந்தைக் கால்நடைக்கு அனுமதித்தது. நம்மிடமும் தடைக்குப் பின், மனிதருக்கான பெரிய குப்பி மாட்டுக்குப் போனது. 2015இல் ஒரு குப்பிக்கு 3 மில்லி என்று அளவைக் குறைக்க வேண்டியிருந்தது. அசெக்லோஃபினாக் வந்தது, அது மாட்டின் உடலுக்குள் போனதும் டைக்ளோஃபினாக்காகவே மாறுகிறது. கீட்டோப்ரோஃபெனும் பாறுகளைக் கொல்வது தெரிந்திருந்தது. இரண்டையும் தடை செய்ய 2023 ஆயிற்று. பாறுக்குக் கேடில்லாத மெலாக்சிகாம் இருக்கிறது என்பது 2006லேயே தெரிந்த செய்தி.

இடையில் நாம் சிலை வைத்தோம். கேரளத்தின் சடயமங்கலத்தில், சடாயு விழுந்ததாகச் சொல்லப்படும் பாறையின்மேல், 200 அடி நீளத்தில் உலகின் மிகப்பெரிய பறவைச் சிற்பம் 2018இல் திறக்கப்பட்டது. ஒற்றைச் சிறகு வெட்டுண்டு மல்லாந்து கிடக்கும் அந்த உருவம் அழகானதுதான். பார்க்கப் போகிறவர்களைக் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் அதே மாநிலத்தில் உயிருள்ள பாறுகள் வயநாட்டுக் காடுகளில் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. எயன்னாத்தும் கல்லில் செதுக்கியபோது மேலே பறவை இருந்தது. பறவை இல்லாத வானத்தின் கீழே சிற்பம் வைத்த முதல் தலைமுறை நாம்தான். வழிபாட்டினாலேயே இந்தப் பறவை நிலைத்தது என்ற எண்ணம் நமக்கு இனிப்பானது. பரத்பூரில் யாரும் பொங்கல் வைக்கவில்லை, அங்கே ஆயிரக்கணக்கில் இருந்தன. கழுக்குன்றத்தில் நாள் தவறாமல் வைத்தார்கள், அங்கிருந்த இரண்டும் போயின. பாறுக்குத் தேவைப்பட்டது தூய்மையான ஒரு சாவு. பிறகு அதை யாரும் அப்புறப்படுத்தாமல் விட்டுவைப்பது.

அந்த இரண்டும் ஓரளவு கிடைக்கும் இடமாகத் தமிழகத்தில் மாயாற்றுப் பள்ளத்தாக்கு இருக்கிறது. நீலகிரிக்கும் மைசூர் மேட்டுநிலத்துக்கும் நடுவே ஆழமாக அரித்து ஓடி, பவானிசாகரில் கலக்கும் ஆறு. கரையோர நீர்மத்தி மரங்களில் வெண்முதுகுப் பாறுகளும், செங்குத்துப் பாறைகளில் கருங்கழுத்துப் பாறுகளும் கூடு வைக்கின்றன. செந்தலைப் பாறும் அரிதாகத் தென்படும். முதுமலையிலும் முத்தங்காவிலும் பந்திப்பூரிலும் புலி கொன்றதன் மிச்சமும், தானாக இறந்த யானையும் கடமானும் அவற்றின் உணவு. அங்கும் ஒரு காலத்தில் இறந்த யானைகளை எரிப்பதும் புதைப்பதும் ஒழுங்கு என்று கருதப்பட்டது. இயற்கையாக இறந்ததைக் காட்டிலேயே விட்டுவைக்கலாம் என்ற எண்ணம் மெல்லத்தான் வந்தது. 2023 இறுதியில் தமிழ்நாடும் கேரளமும் கர்நாடகமும் ஒரே நேரத்தில் எண்ணியபோது இந்த நிலப்பரப்பு முழுவதிலும் 320 பாறுகள் தெரிந்தன. காவிரிப்பூம்பட்டினத்து இடுகாட்டின்மேல் ஒரே நாளில் வட்டமிட்டவை இதைவிடக் கூடுதலாக இருந்திருக்கும்.

எளிதில் திருத்திவிடக்கூடிய கணக்கு இல்லை இது. ஒரு சோடி பாறு ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை இடும். அந்தக் குஞ்சு தானும் கூடு வைக்க ஐந்தாண்டுபோல ஆகும். பதினைந்து ஆண்டில் இழந்ததை ஈடுகட்ட ஒரு நூற்றாண்டு பிடித்தாலும் ஆச்சரியமில்லை. இதை வாசிக்கும் யாரும் அதன் முடிவைப் பார்க்கப் போவதில்லை. அரியானாவின் பிஞ்சோரில் கூண்டில் வளர்த்தெடுத்த பறவைகளை வெளியில் விடுவதற்கு முன் அவற்றை வளர்த்தவர்கள் பார்ப்பது, சுற்றுவட்டார மருந்துக்கடைகளில் என்ன விற்கிறார்கள் என்பதைத்தான். பாறுகளைக் காக்க 2020 முதல் 2025 வரைக்கென நடுவண் அரசு வகுத்த திட்டத்தில் ஒரு வரி உண்டு: ஒரு மருந்து பாறுக்கு நஞ்சென்று தெரிந்துவிட்டால், அது கால்நடைப் பயன்பாட்டிலிருந்து தானாகவே நீங்கும் ஏற்பாடு வேண்டும் என்று. அந்தக் காலம் முடிந்துவிட்டது; அடுத்த வலிநிவாரணி எந்தப் பெயரில் வந்தாலும், கடைக்கு வந்த பிறகு பாறு செத்துக் காட்டித்தான் அதன் குணம் தெரியவேண்டும் என்ற முறையை மாற்ற, அந்த ஒரு வரியை இனிவரும் திட்டத்தில் விதியாக்கினால் போதும்.